கார் ஷெட்டுக்கு எபாக்ஸி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் கவர ஒட்டிப் பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்க பேப்பரோட 'வீடு' இணைப்புல கார் ஷெட்டு தரைக்கு எபாக்ஸி, அதான் ரெண்டு திரவத்த கலந்து பூசுனா கெட்டியா இறுகுற பெயிண்ட்டு, போடுறத பத்தி ஒரு பக்கம் ஃபுல்லா போட்டிருந்தீங்க. போட்டோல தரை கண்ணாடி மாதிரி மின்னுது, கார் நம்பர் பிளேட்டு தலைகீழா தரையில தெரியுது. பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சி சார், ஏன்னா இதே மாதிரி ஒரு தரைய 2022 ஆடி மாசம் நானும் ஆசப்பட்டு போட்டவன். எவ்ளோ செலவாச்சுன்னு இங்க எழுத மாட்டேன், எங்க வீட்டம்மா உங்க பேப்பர தெனம் படிக்கிறாங்க.

நான் திருவொற்றியூர்ல ரயில்வே லைனுக்கு மேற்கால இருக்கேன், டூரிஸ்ட் காரு ஓட்டுறேன். தரை போட்டு மூணு மாசம் ஜோரா இருந்துச்சு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் அங்கங்க அப்பளம் மாதிரி உப்பிக்கிச்சு, கால் கட்டவிரலால அழுத்துனா உள்ள இருந்து தண்ணி பிசுக்குனு வருது. காஞ்சதும் அந்த எடத்துல வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். இது போதாதுன்னு ஏர்போர்ட் சவாரிய முடிச்சிட்டு நட்டநடு மத்தியானத்துல வந்து வண்டிய நிறுத்துவேன்ல, மறுநாள் காலைல எடுக்கறப்ப டயர் நின்ன நாலு எடத்துலயும் பெயிண்ட்டு டயரோட ஒட்டிக்கினு பேந்து வந்துடுச்சி. வேலை செஞ்ச கான்ட்ராக்டரு வந்து பாத்துட்டு உங்க டயர் சரியில்ல சார்னாரு. டயர மாத்தி மாத்தி தரைய காப்பாத்தணுமாம்.

அப்புறம்தான் நாலு பேர்கிட்ட கேட்டு புரிஞ்சுக்கினேன். ஓடி வந்த டயரு சூட்டுல ரப்பரு இளகி தரைய கவ்விக்கும், ஆறும்போது சுருங்கும், சுருங்குறப்ப அடியில புடிப்பு இல்லாத பூச்ச இழுத்துக்கினு வந்துடும். புடிப்பு இருந்தா வராது. புடிப்பு ஏன் இல்லைன்னா அவரு காலைல பத்து மணிக்கு வந்தாரு, பெருக்குனாரு, ஆசிட் ஊத்துனாரு, ஒரே ஒரு தடவ தண்ணி அடிச்சி தள்ளுனாரு, மறுநாளே பெயிண்ட்டு அடிச்சிட்டு போயிட்டாரு. தரைய மெஷின் வெச்சி தேச்சி மேல படிஞ்ச சிமென்ட் பாலெல்லாம் எடுத்துட்டு, தூசிய உறிஞ்சி எடுத்து, நல்லா காய வுட்டு, பிரைமர்னு ஒரு அடிப்பூச்சு போட்டு, அப்புறம் தான் கலர் போடணும். ஆசிட்தான் ஊத்துவேன்னா அதுக்கப்புறம் சமையல் சோடா கரைச்ச தண்ணி விட்டு, திரும்ப ரெண்டு மூணு தடவ நல்லா கழுவணும், அது வேற நம்ம கண்ணுக்கும் காலுக்கும் ஆபத்து, செருப்பு கூட போடாம ஒரு பையன அதுல எறக்கி வுட்டாங்க, நானும் பாத்துக்கினு நின்னேன், இப்ப நெனச்சாலும் ஒரு மாதிரி இருக்கு.

ஆனா நம்ம ஏரியாவுல தேய்க்கிறது மட்டும் போதாது சார், இதான் உங்க கட்டுரைல சுத்தமா இல்ல. சிமென்ட் தரை பாக்கத்தான் கல்லு, உள்ள பூரா கண்ணுக்கு தெரியாத ஓட்டை, விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி கீழ இருக்குற ஈரத்த மேல இழுத்துக்கினே இருக்கும். கடல் பக்கத்துல, மழை பேஞ்சா ரெண்டடி தோண்டினாலே தண்ணி வர்ற பூமி, அதுலயும் பழைய வீடுங்கள்ல எவ்ளோ பேரு கடல் மண்ண கொட்டி மேடாக்கியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும். ஈரம் மேல வரும்போது உப்பையும் கரைச்சி தூக்கிக்கினு வருது. சாதா தரைன்னா ஈரம் காத்துல போயிடும், உப்ப தொடப்பத்தால தள்ளிடலாம். மேல எபாக்ஸி போட்டு மூடிட்டா அது எங்க போகும், பூச்சத்தான் முட்டித் தூக்கும்.

இத கண்டுபுடிக்க காசே வேணாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் கவரு ஒண்ண வெட்டி, தரையில வெச்சி, நாலு பக்கமும் காத்து போகாம டேப்பு ஒட்டி ஒரு நாள் பூரா வுட்ருங்க. பிரிச்சி பாத்தா கவருக்கு அடியில முத்து முத்தா தண்ணி கோத்திருந்தாலோ தரை கருத்துப் போயிருந்தாலோ எபாக்ஸி ஆசைய அப்படியே மறந்துடுங்க. வெயில் காலத்துல ஒரு தடவ, மழை காலத்துல ஒரு தடவ பாக்கணும், ஏன்னா சித்திரைல காஞ்ச தரை கார்த்திகைல அழும். அதே மாதிரி ஒரு கை தண்ணிய தெளிச்சி பாருங்க, உடனே உறிஞ்சிக்கினா பூச்சு புடிக்கும், தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்னா அங்க எண்ணெ இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா ஏற்கனவே ஏதோ பூசியிருக்காங்க.

எண்ணெய பத்தி சொல்லியாகணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் கலந்து வந்துச்சே, எர்ணாவூர்ல என் மச்சான் வீட்டு கார் ஷெட்டுல சுவத்துல முழங்கால் ஒசரத்துக்கு கருப்பா கோடு. சோப்புத்தூள், மண்ணெண்ணெ, மரத்தூள், எல்லாம் போட்டு தேச்சாரு, மேல சுத்தமா தெரிஞ்சிது. ஒரு வாரம் வெயில் அடிச்சதும் உள்ள எறங்குன எண்ணெ திரும்ப மேல வந்து நிக்குது. அந்த மாதிரி தரை மேல சாதாரண பூச்சு எதுவும் ஒட்டி நிக்காது. எண்ணெ எறங்குன வரைக்கும் கொத்தி எடுத்துட்டு புதுசா போடுறதுதான் நல்லது, அவரும் கடைசில அதான் செஞ்சாரு.

டைல்ஸ் போடலாமேம்பாங்க. போடலாம், ஹாலுக்கு வாங்குற வழவழ டைல்ஸ் வேணாம், பார்க்கிங் டைல்ஸ்னு சொரசொரப்பா கனமா கெடைக்குது, அது நல்லா உழைக்கும். அதுலயும் கொத்தனார் தலைமேல நின்னு பாருங்க. நாலு மூலைக்கு நாலு உருண்டை கலவை வெச்சி அமுக்கிட்டு போனாருன்னா நடுவுல பூரா பொந்து. காரோட மொத்த வெயிட்டும் நாலு உள்ளங்கை அகலத்துலதான் தரைய தொடுது சார், ஒரு சக்கரத்துக்கு முந்நூறு கிலோ கிட்ட வந்துடும், ஸ்டெப்னி மாத்த ஜாக்கி வெச்சா இன்னும் மோசம். போட்டு ஒரு வாரம் கழிச்சி ஒரு பத்து ரூபா காசால தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு சத்தம் வந்தா அந்த டைல்ஸ எடுத்து மாத்திட்டுதான் மீதி காச குடுக்கணும்.

இன்னொரு கூத்து ரோடு. எங்க தெருவுல ரோடு மேல ரோடு போட்டு, அப்பா கட்டுனப்ப ரெண்டு படி ஏறி வந்த வீடு இப்ப ஒரு படி எறங்குது. பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டு தான் புதுசு போடணும்னு சொல்றாங்க, எங்க தெருவுல சுரண்டி நான் பாத்ததில்ல. அதனால தரைய மாத்துறதுன்னு எறங்குனா ரோட்டு மட்டத்த பாத்துட்டு தான் ஒசரம் முடிவு பண்ணணும். வாட்டம் ரொம்ப முக்கியம், நூறு அடிக்கு ஒரு அடி கணக்கு, பதினஞ்சு அடி ஷெட்டுன்னா கிட்டத்தட்ட ரெண்டு இன்ச்சு. வீட்டுப் பக்கம் ஒசரம், கேட்டுப் பக்கம் தாழ்வு. ஒரு பக்கெட்டு தண்ணிய கொட்டிப் பாருங்க, எங்கயும் தேங்காம ஓடணும்.

நான் கடைசில என்ன செஞ்சேன்னா பழைய தரைய மொத்தமா ஒடச்சி, மண்ண இடிச்சி கெட்டியாக்கி, கனமான பிளாஸ்டிக் ஷீட்ட பரப்பி, ரெண்டு ஷீட்டு சேர்ற எடத்துல ஒரு ஜாண் ஏத்தி ஒட்டி, அதுக்கு மேல கம்பி வலை வெச்சி நாலு இன்ச்சு கான்கிரீட்டு. மேஸ்திரி கலவைல தண்ணிய கூட ஊத்தப் பாத்தாரு, இழுக்க ஈஸியா இருக்கும்னு, நான் வுடல, தண்ணி கூடுனா மேல பாலு பொங்கி நாளைக்கு மாவு மாவா உதிரும். பாதி இறுகும்போது தொடப்பத்தால ஒரே பக்கமா கோடு இழுத்துட்டாங்க, டயரும் வழுக்காது காலும் வழுக்காது. எட்டடிக்கு ஒரு வெட்டு போட்டாச்சு, விரிசல் வந்தா அந்த கோட்டுலயே வந்துட்டு போவட்டும்னு. பத்து நாள் சாக்கு போட்டு தண்ணி வுட்டோம், 28 நாள் வரைக்கும் காரு தெருவுலதான் நின்னுச்சி. கேட்டுக்கு வெளிய இருக்குற கொஞ்ச எடத்துக்கு 60 எம்எம் பேவர் பிளாக்கு, மழைத் தண்ணி கொஞ்சமாவது கீழ எறங்கும், அமுங்குன கல்ல எடுத்து அடியில மண்ணு போட்டு திரும்ப வெச்சிக்கலாம்.

மேல ஒண்ணும் பூசல. மின்னாது, சாம்பல் கலர்ல சாதுவா கெடக்கு. எங்க வீட்டம்மாவுக்கு இதுதான் புடிச்சிருக்கு, எபாக்ஸி மேல கோலமாவு நிக்கவே நிக்காது, ஃபேன் காத்துக்கே பறந்துடும். ஆயுத பூஜைக்கு பூசணிக்கா ஒடச்சப்ப அந்த வழவழ தரையில எங்க பையன் வழுக்கி வுழுந்து முட்டி பேந்தது தனிக் கத.

எபாக்ஸி மோசம்னு நான் சொல்லல சார். மாடி வீட்டுக்காரங்க, காஞ்ச மேட்டுப் பூமி, உள்ள வெயில் படாத ஷெட்டு, கைல காசு, அவங்களுக்கு சரி. வெயில் பட்டா அது மஞ்சளாயிடும்ங்கறத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க. ஆனா தண்டையார்பேட்ட, கொருக்குப்பேட்ட, மணலி, எண்ணூர்னு இந்தப் பக்கத்துலயும் உங்க பேப்பர் வாங்குறவங்க நெறைய பேரு இருக்கோம். அடுத்த தடவ இத பத்தி எழுதும்போது அந்தக் கட்டுரை எழுதினவர ஐப்பசில ஒரு நாள் எங்க தெருவுக்கு அனுப்பி வெயிங்க, பிளாஸ்டிக் கவரும் டேப்பும் நான் வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
டூரிஸ்ட் கார் ஓட்டுநர் ஒருத்தர்,
திருவொற்றியூர்