வாழைச்சேனை கடதாசி ஆலையின் பதிவேடுகளையும் பழைய இயந்திரங்களையும் பாதுகாக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர் அவர்கள், கோறளைப்பற்று, வாழைச்சேனை.

ஐயா / அம்மணி,

வாழைச்சேனையில் களப்பை அண்டி நிற்கும் கடதாசி ஆலை நீண்ட காலம் மூடிக்கிடந்ததையும், அதை மீள இயக்குவதற்கான முயற்சிகள் இடையிடையே மேற்கொள்ளப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள். ஆலையை எவ்வாறு பயன்படுத்துவது என்ற தீர்மானத்தைப் பற்றியதன்று இம்மனு. தீர்மானம் எதுவாயினும், அது நிறைவேற்றப்படுவதற்கு முன் அங்குள்ள பதிவேடுகள், கட்டட வரைபடங்கள், பழைய இயந்திரங்கள், நீர்க்கரை அமைப்புகள் ஆகியன முறையாகப் பதிவு செய்யப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

சுதந்திரத்துக்குப் பின்வந்த முதல் அமைச்சரவைக் காலத்தில், கைத்தொழில் மற்றும் மீன்பிடி அமைச்சராக ஜீ.ஜீ. பொன்னம்பலம் பொறுப்பு வகித்தபோது காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் வடக்கிலும் கிழக்கிலும் உருப்பெற்றன. வாழைச்சேனை ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கி, கிழக்கிலங்கைக் கடதாசி ஆலைகள் கூட்டுத்தாபனத்தின் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. இம்மூன்றையும் தனித்தனியே பார்ப்பது சரியன்று என்பது எமது கருத்து. பரந்தனில் உற்பத்தியான காஸ்டிக் சோடாவும் குளோரினும், வைக்கோலைக் கூழாக வேகவைப்பதற்கும் அக்கூழை வெளுப்பதற்கும் வேண்டிய அதே பொருட்கள்தாம். இறக்குமதியை நம்பியிருந்த ஒரு தீவு தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ள முயன்ற காலத்தின் சான்று இந்த ஆலை.

ஆலை கிழக்கில் அமைந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. இலுக்குப் புல்லும் நெல் வைக்கோலும் மூலப்பொருளாகக் கருதப்பட்டன. மட்டக்களப்பு, பொலன்னறுவை வயல்களும் ரயில் பாதையும் அருகிலேயே இருந்தன. ஆனால் வைக்கோலில் கடதாசி செய்வது இலகுவான தொழிலன்று. பெரும்போகம், சிறுபோகம் என ஆண்டுக்கு இரு தடவை மட்டுமே கிடைக்கும் வைக்கோலைச் சேகரித்து, கட்டுகளாக்கி, மழையில் அழுகாமல் அடுத்த அறுவடை வரை களஞ்சியப்படுத்த வேண்டும். அதன் நார் குட்டையானது என்பதால், உறுதியான தாளுக்கு நீண்ட நார்க் கூழையும் கலக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், வைக்கோலில் மிகுதியாக உள்ள சிலிக்கா; கூழ் வேகவைத்தபின் எஞ்சும் கருந்திரவத்திலிருந்து இரசாயனங்களை மீட்டெடுப்பதை அது கடினமாக்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் அனுபவத்தால் கற்ற தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர்கள் பலர் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்தும் விட்டனர். வயல்களில் வைக்கோல் எரிக்கப்படுகின்ற இன்றைய நிலையில், அவர்களுடைய அறிவு பழங்கதையாக ஒதுக்கத்தக்கதன்று. 2022 மார்ச்சில் அச்சிடும் கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாடு கண்டது.

நீர்க்கரையைப் பற்றியும் தனியே கூற வேண்டியுள்ளது. கடதாசிக்கூழ்த் தொழிலுக்குப் பெருமளவு நன்னீர் தேவை. களப்பு நீரோ உவர்ப்பானது. நன்னீர் எங்கிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது, கழிவு எந்த வழியாக எங்கே சென்றது என்பன பழைய குழாய் வரைபடங்களிலும் ஆய்வுகூடக் குறிப்பேடுகளிலும் இருக்க வேண்டிய தகவல்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வருவதற்கு முன்பே ஆலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவிட்டது. ஆகவே அக்காலக் கழிவைப் பற்றிய சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது. களப்பில் மீனும் இறாலும் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு, அடிச்சேற்றில் என்ன படிந்துள்ளது, அல்லது எதுவும் படியவில்லையா என்பதை அறியும் உரிமை உண்டு. குற்றம் சுமத்துவதற்காக நாம் இதைக் கேட்கவில்லை. புதிய பணி எதுவும் தொடங்கிவிட்டால் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாது போகும் என்பதற்காகவே கேட்கின்றோம்.

ஆலை நலிந்ததற்குப் போரை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் கிழக்கின் போக்குவரத்தையும் தொழிலையும் முடக்கியது உண்மையே. எனினும் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையால் வந்த இறக்குமதிப் போட்டி, 1978 நவம்பர் சூறாவளி இம்மாவட்டத்துக்கு ஏற்படுத்திய அழிவு, எரிபொருள் விலை, இயந்திரங்களின் வயது ஆகியவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை ஆலையின் கணக்கேடுகளையும் உற்பத்திப் பதிவேடுகளையும் கொண்டே தீர்மானிக்க முடியும். காரணம் தெரியாமல் மீள இயக்கினால் அதே இடர்களில் மீண்டும் சிக்க நேரிடும்.

தொழிலாளர் சேவைப் பதிவேடுகளுக்கு வேறொரு பயனும் உண்டு. ஊழியர் சேமலாப நிதி தொடர்பாகத் தம் சேவைக்காலத்தை நிரூபிக்க வேண்டியவர்களுக்கும் மறைந்தவர்களின் குடும்பங்களுக்கும் அவை நேரடியான ஆதாரங்கள்.

நூறாண்டு பழைமை இல்லாத இந்த ஆலைக்குத் தொல்பொருட் சட்டத்தின் காப்பு எளிதில் கிடைக்காது. ஆயினும் 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டமும், பகிரங்க அதிகாரசபைகள் தம் பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பேண வேண்டும் எனப் பணிக்கும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன.

ஆகவே, ஆலை வளாகத்திலிருந்து எந்த இயந்திரமும் பழைய இரும்பாக விலைமனு கோரி விற்கப்படுவதற்கு முன், அதன் வகை, தயாரிப்பாளர், பயன் ஆகியன நிழற்படங்களுடன் பதியப்படவும், கடதாசி இயந்திரத்தின் முக்கிய பாகங்களேனும் இடத்திலேயே வைக்கப்படவும் தாங்கள் உரிய அமைச்சுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என வேண்டுகின்றோம். எஞ்சியுள்ள ஆவணங்களைப் பார்வையிடத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் அலுவலர்களை அழைக்குமாறும், முன்னாள் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றை மூன்று சமூகத்தவரிடமிருந்தும் ஒலிப்பதிவு செய்யும் பணியைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்குமாறும் கோருகின்றோம். இவற்றுள் முதலில் செய்யத்தக்கது ஒலிப்பதிவே. ஆவணங்கள் சில காலம் பொறுக்கும், முதியவர்களின் உடல்நிலை பொறுக்காது. களப்பின் அடிச்சேற்றையும் வளாக நிலத்தையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை பரிசோதித்து, முடிவுகளை மீனவர் சங்கங்களுக்குத் தமிழில் வழங்க ஏற்பாடு செய்யுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இவ்விடயத்தை ஆராயப் பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் கூட்டி, முன்னாள் தொழிலாளர்கள், விவசாயிகள், மீனவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளை அழைக்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எமக்கு எழுத்துமூலம் அறிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகின்றோம்.

இவ்வண்ணம்,
கோறளைப்பற்றுப் பிரதேசவாசிகள்,
வாழைச்சேனை.