மீக்மவ், மீக்மஹ்: உன் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள மீனாட்சி,

பதில் போடத் தாமதித்துவிட்டேன், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பாலு அண்ணன் இன்னும் அதே நாற்காலியில்தான்.

1981 ஜூனில் கனடாவின் கியூபெக் மாகாணப் போலீஸ், மீக்மஹ் என்ற பழங்குடியினர் வாழும் லிஸ்டுகுஜுக்குள் புகுந்து சால்மன் மீன் வலைகளைப் பறித்ததை நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'மிக்மாக்குகள்', 'ஒரு மிக்மாக்'! வலை பறிபோனதை எழுதும் கட்டுரை, அந்த மக்களின் பெயரையாவது அவர்கள் எழுதுகிறபடி எழுத வேண்டாமா?

ஒருவர் என்றால் மீக்மவ். பலர் என்றால் மீக்மஹ். தொண்டையில் உரசி வரும் அந்தக் கடைசி ஒலியிலேயே பன்மை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அது 'க்யூ'. அதன்மேல் 'கள்' ஒட்டாதே. 'மீக்மஹ் வலை வீசினார்கள்' போதும்.

பலரும் சறுக்குவது அடைமொழியில்தான். பின்னால் வருவது பன்மையானாலும் முன்னால் மீக்மவ்தான் வரும்: மீக்மவ் மீனவர்கள், மீக்மவ் உடன்படிக்கைகள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2022இல் இயற்றியதும் மீக்மவ் மொழிச் சட்டமே. 'மீக்மஹ் மக்கள்' என்று கை தானாக எழுதும், விடாதே. மீக்மவ் மக்கள், இல்லையேல் வெறும் மீக்மஹ். 1999இல் விலாங்கு மீன் பிடித்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற டொனால்ட் மார்ஷல் ஒரு மீக்மவ்.

பெயரின் நடுவில் வரும் 'க்' ஒலிக்கு லிஸ்டுகுஜில் ஆங்கில எழுத்து 'ஜி' போடுகிறார்கள், நோவா ஸ்கோஷியாவில் 'கே'. பெயர் ஒன்றுதான், நம் ககரம் இரண்டையும் தாங்கும். ஆங்கில எழுத்தில் முதல் உயிருக்குப் பின் வரும் மேற்குறி நெடிலுக்கானது, அதனால்தான் மீ.

கணினியில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதே. பழைய ஒரு சொல் இருந்த இடத்தில் இப்போது இரண்டு வருகின்றன. ஒவ்வோரிடத்திலும் ஒருவரா, பலரா, அடைமொழியா என்று பார். பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டுமிடத்தில் மட்டும் கை வைக்காதே. மெய்ன் மாநிலத்து மீக்மவ் மக்களை 1991இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது 'அரூஸ்டுக் பேண்ட் ஆஃப் மிக்மாக்ஸ்' என்ற பெயரில். அங்கே அப்படியே இருக்கட்டும். இன்று அவர்களின் அதிகாரபூர்வப் பெயர் 'மீக்மஹ் நேஷன்'.

வரைபடத்தில் மீக்மஹ் வாழும் நாட்டின் பெயர் மீக்மாகி; இங்கே 'மா' நெடில். திருத்திய படியை அச்சுக்கு முன் எனக்கு அனுப்பு, படக்குறிப்புகளையும் சேர்த்து.

அன்புடன்,
கோமதி