தொலைந்த கையெழுத்துப் படியைத் தேடும் நாவல்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மர்ம நாவல் எழுத்தாளர்களுக்கும் அவற்றை வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். தொலைந்துபோன ஓர் இலக்கியப் படைப்பின் கையெழுத்துப் படியைத் தேடி அலையும் கதை எப்போது வந்தாலும் ஆவலோடு படிக்கும் வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இவ்வகை நாவல்கள் பலவற்றில் அந்தப் படி இருக்கும் இடத்தில் ஒரு வைரத்தை வைத்தாலும் கதை மாறாது. பக்கம் பக்கமாகத் துரத்துகிறார்கள், கடத்துகிறார்கள், கொல்கிறார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. தேடப்படுவது எழுத்து என்பதைக் கதை மறந்துவிடக் கூடாது என்பதே என் கோரிக்கை.

1944இல் பிரெஞ்சு எழுத்தாளர் செலின் பாரிசை விட்டுத் தப்பியோடிய பின் அவர் வீட்டிலிருந்து மறைந்த ஆயிரக்கணக்கான தாள்கள் 2021இல் வெளிப்பட்டன. அவற்றை வைத்திருந்தவர், செலினின் மனைவி உயிரோடிருக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தார். கொலையே இல்லாத இந்த நிகழ்வில் எவ்வளவு மர்மம் இருக்கிறது! கொடுத்தவர் யார், அந்த நிபந்தனை ஏன், வாக்குக் கொடுத்தவர் அத்தனை காலம் எந்த மனநிலையில் அந்தத் தாள்களோடு வாழ்ந்தார் என்ற கேள்விகளே ஒரு நாவலுக்குப் போதும்.

நீங்கள் மிக வேகமாகக் கடந்துவிடும் இடம், படி கைக்குக் கிடைத்த பிறகு வருவது. பேராசிரியர் ஒருவர் ஒருமுறை புரட்டிப் பார்த்து "அசல்தான்" என்கிறார். கதை அடுத்த துரத்தலுக்குப் போய்விடுகிறது. 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்ட ஹிட்லர் நாட்குறிப்புகளைக் கையெழுத்து வல்லுநர்களும் முதலில் அசல் என்றே சொன்னார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த மாதிரிகளிலேயே அதே போலிக்காரர் எழுதியவை கலந்திருந்தன. போருக்குப் பிந்தைய காலத்துப் பொருள்கள் அந்த ஏடுகளில் இருப்பதை ஆய்வுக்கூடம் கண்டறிந்த பிறகே உண்மை வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக்கு முன், வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர் பழைய நூல்களின் வெற்றுத் தாள்களில் எழுதி ஷேக்ஸ்பியருடையவை என்று காட்டிய ஆவணங்களை, ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் எட்மண்ட் மலோன் 1796இல் எழுத்துக்கூட்டல், சொல்வழக்கு முதலியவற்றைக் கொண்டே போலி என்று நிறுவினார். ஒரு அறிஞர் மேசை முன் அமர்ந்து செய்யும் இந்த வேலையில் உள்ள பதற்றம் எந்தக் கார் துரத்தலுக்கும் குறைந்ததன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழில் எழுதுவோருக்குக் களம் இன்னும் வளமானது. பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே ஒரே வரியை இருவர் இருவேறு விதமாகப் படிக்க இடமுண்டு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிய வேண்டியிருந்தது. வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களும் உரைகளும் எடுத்தாண்ட பாடல்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றின் முழுச்சுவடி கிடைத்துவிட்டதாக உங்கள் கதையில் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய பாடல்கள் அதில் உரிய இடத்தில் பொருந்துகின்றனவா என்றுதான் ஆய்வாளர் முதலில் பார்ப்பார். ஆனால் போலிக்காரனும் அதே பாடல்களைக் கற்றவன்தானே! அவ்விருவரின் புலமைக்கும் இடையே நடக்கும் மோதலைப் படிக்க நான் எவ்வளவோ காலமாகக் காத்திருக்கிறேன்.

இன்னொன்று, கடைசி அத்தியாயத்துத் தீ. கண்டெடுத்த படி தற்செயலாக எரிந்து சாம்பலாவது எழுத்தாளருக்கு வசதியான முடிவு; அதை எழுதிக் காட்டும் பொறுப்பிலிருந்து அவர் தப்பிவிடுகிறார். 1824இல் லண்டனில் பதிப்பாளர் ஜான் மர்ரேயின் அறையில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் நினைவுக்குறிப்புகள் எரிக்கப்பட்டபோது, அது விபத்தாக நடக்கவில்லை. நண்பர்கள் கூடி வாதிட்டு, அந்தக் குறிப்புகளைப் பைரனிடமிருந்து பெற்ற நண்பர் தாமஸ் மூரின் எதிர்ப்பையும் மீறி எடுத்த முடிவு அது. உங்கள் கதையிலும் எரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதைச் செய்பவருக்கு அப்படி முடிவெடுக்க வலுவான காரணம் ஒன்றைக் கொடுங்கள். எரிவதற்கு முன் சில பக்கங்களையாவது எங்களைப் படிக்க விடுங்கள். வேறொரு காலத்து எழுத்தாளரின் நடையில் அந்தப் பக்கங்களை எழுதுவது கடினம் என்பதை அறிவேன். அதற்கு வேண்டிய கால அவகாசத்தைப் பதிப்பாசிரியர்கள் மனமுவந்து தர வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாவல்களைத் தொடர்ந்து படித்துவரும் வாசகன்