பொருள்: அப்டேட் இறங்காமைக்குக் கணினியின் வயதைக் காரணம் காட்டியமை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கிளிநொச்சியிலுள்ள எமது அலுவலகத்தின் கணினிகளையும் வலையமைப்பையும் பராமரிப்பது உங்கள் நிறுவனம். வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் புதிய ஃபயர்வோலை நீங்கள் பொருத்திய பிறகு விண்டோஸ் 10 கணினிகளில் அப்டேட் இறங்குவதே இல்லை. சேவை அறிக்கையிலோ "கணினிகள் பழையன" என்று ஒரு வரி. கூடவே புதிய கணினிகளுக்கான விலைமனு. அதே கணினியைக் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் அப்டேட் ஒழுங்காக இறங்குகிறது. பிறகு வயது எங்கே வந்தது?

இணையத்துக்கு இடைவழியாக நிற்கும் ப்ரொக்சியின் முகவரியைப் பிரௌசரில் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். விண்டோஸ் அப்டேட் பார்ப்பது பிரௌசரை அல்ல, விண்டோஸ் சேவைகளுக்கென்று தனியாக உள்ள வின்எச்டிடிபி (WinHTTP) அமைப்பை. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து "நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ ப்ரொக்சி" என்று கொடுத்தால் "டிரெக்ட் அக்சஸ்" (ப்ரொக்சி இல்லை) என்றே காட்டுகிறது. இணையப் பக்கங்கள் திறந்தும் அப்டேட் மட்டும் நிற்பது இதனால்தான். "நெட்ஷ் வின்எச்டிடிபி இம்போர்ட் ப்ரொக்சி சோர்ஸ்=ஐஈ" என்ற ஒரு கட்டளை, பிரௌசரின் ப்ரொக்சி அமைப்பை வின்எச்டிடிபிக்கும் எடுத்துக்கொடுத்து இதைச் சரிசெய்யும். அப்டேட் கோப்புகள் துண்டுதுண்டாகவே கேட்கப்படும் என்பதால், ப்ரொக்சி எச்டிடிபி ரேஞ்ச் கோரிக்கைகளை (கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பவை) ஏற்கவும் வேண்டும்.

ஃபயர்வோலில் நீங்கள் அனுமதித்திருப்பவை அப்டேட் சேவையகங்களின் ஐபி முகவரிகள் (எண் முகவரிகள்). அவை மாறிக்கொண்டே இருக்கும். இன்று திறந்தது நாளை அடைபடும். விண்டோஸ்அப்டேட் டொட் கொம், அப்டேட் டொட் மைக்ரோசொஃப்ட் டொட் கொம், டெலிவரி டொட் எம்பி டொட் மைக்ரோசொஃப்ட் டொட் கொம் ஆகியவற்றை உபபெயர்களோடு சேர்த்து, 80, 443 ஆகிய போர்ட்டுகளில் (இணைப்பு வாயில்களில்) அனுமதிக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் பரிசோதனையிலிருந்தும் (மறைகுறியாக்கிய இணைப்பை ஃபயர்வோல் இடையில் பிரித்துப் பார்ப்பது) இவற்றுக்கு விலக்கு வேண்டும். இடையில் உங்கள் சான்றிதழைச் செருகினால் அப்டேட் அதை நம்பாது.

பழைய கணினிகளுக்கே உரிய குறை ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறோம். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டறி தீர்ந்தவற்றில், மின் வெட்டுக்குப் பிறகு திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடுகிறது. திகதி பிழையானால் அப்டேட் சேவையகத்தின் சான்றிதழும் செல்லாததாகி, அப்டேட் நிற்கும். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் யூடிபி 123 போர்ட்டைத் திறந்தாலும் தானாகச் சரியாகாது: டொமைனில் (கணினிகளை மையமாக நிர்வகிக்கும் அமைப்பில்) சேராத கணினியில் விண்டோஸ் நேரச் சேவை 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் திருத்துவதில்லை. பட்டறியை மாற்றி, திகதியைக் கையால் ஒருமுறை வைக்க வேண்டும். இதற்கா புதிய கணினி?

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 14.10.2025 இல் முடிந்ததால், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்கான உரிமத்தையும் உங்களிடமே வாங்கினோம். இறங்காத அப்டேட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

14 நாட்களுக்குள் மேற்சொன்னவற்றைச் சரிசெய்து, ஒவ்வொரு கணினியிலும் அப்டேட் நிறுவப்பட்ட பதிவை எழுத்தில் தாருங்கள். அந்த விலைமனுவை மீளப்பெறுங்கள். மாங்குளம், புதுக்குடியிருப்புக் கிளைகளில் இதே ஃபயர்வோல் அமைப்பை அதுவரை ஏற்ற வேண்டாம். இவை நடக்காவிட்டால் அடுத்த காலாண்டுக் கட்டணத்தை நிறுத்திவைப்போம்.

இங்ஙனம்,
அலுவலக நிர்வாகம்,
கிளிநொச்சி.