நுகர்வோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் முதியோர் சுற்றுலாவும் வழமைபோல நடந்தேறின. ஸ்காபரோக் கடைகளின் நிறை, விலை பற்றி வந்த முறைப்பாடுகளை உபகுழு கவனித்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எஞ்சிய நேரத்தை ஆண்டின் இறுதியில் நம்மைப் பிடித்துக்கொண்ட குளோனிங் விவகாரத்துக்கே ஒதுக்குகிறேன். குளோன் என்பது ஒரு விலங்கின் உயிரணுவிலிருந்து அதன் நகலாக உருவாக்கப்படும் விலங்கு.

கனடாவில் குளோன் விலங்குகளின் உணவு 2003 முதல் ‘புதுவகை உணவு’ என்றே கருதப்படுகிறது. விற்க விரும்புபவர் முதலில் மத்திய சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாடு, பன்றிக் குளோன்களுக்கும் அவற்றின் வாரிசுகளுக்கும் இந்த நிபந்தனையை நீக்க அத்திணைக்களம் முற்பட்டது. 2024 வசந்தகாலத்தில் கருத்துக் கேட்டார்களாம். எத்தனை பேர் காதில் விழுந்ததோ! கியூபெக்கின் டுப்ரெட்டன் என்ற பன்றி இறைச்சி நிறுவனம் 2025 இலையுதிர்காலத்தில் குரல் எழுப்பியபோதுதான் விடயம் பரவலாகத் தெரிந்தது. நிபந்தனை போயிருந்தால், பொதியில் குளோன் என்று குறிப்பிடும் கடமையும் எவருக்கும் இருந்திராது.

“மாடும் தின்பதில்லை, பன்றியும் தின்பதில்லை, நமக்கென்ன?” என்று நவம்பர் கூட்டத்தில் மரக்கறி உண்ணும் அன்பர் ஒருவர் கேட்டார். கையில் பால்தேநீர் இருந்தது. பாலும் இதில் அடக்கம் என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

நமது துண்டுப்பிரசுர வரைவில் “இதை உண்டால் புற்றுநோய் வரும்” என்றொரு வரி இருந்தது. அதை நீக்கச் சொன்னவன் நான்தான். சிலருக்கு இன்னும் மனத்தாங்கல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் மாடு, பன்றி, வெள்ளாட்டுக் குளோன்களின் இறைச்சியும் பாலும் வழமையான உணவைப் போலவே பாதுகாப்பானவை என்று அறிவித்தது. அதை மறுக்கும் ஆதாரம் நம்மிடம் இல்லை. பொய்யை வைத்து எதிர்க்க வேண்டிய நிலையிலும் நாம் இல்லை. விலங்குகள் படும் வதையே போதிய காரணம். 1996இல் டோலி என்ற ஒரேயொரு செம்மறிக்குட்டி பிறக்க 277 முயற்சிகள் தேவைப்பட்டன. குளோன்களில் கணிசமானவற்றின் உடல்நலம் பாதிக்கப்படுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2008இல் எழுதியது. கன்று அளவுமீறிப் பெருத்துவிடுகிறது. சுமக்கும் பசு பிரசவத்தில் வதைபடுகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015இல் 529க்கு 120 என்ற வாக்குகளால் பண்ணை விலங்குக் குளோனிங்குக்கான தடையை ஆதரித்ததில் இந்த வதைக்கும் பங்குண்டு.

பதிவில்லாமல் விற்றால் பின்னர் தேடிப் பிடிக்கவும் முடியாது. அமெரிக்கக் குளோன் பசுவொன்றின் வாரிசுக் காளை 2009இல் பிரித்தானியாவில் வெட்டப்பட்டு உண்ணப்பட்டது. வெளியே தெரிந்தபோது 2010 ஆகஸ்டு. முன் அனுமதி கட்டாயமாக இருந்த நாட்டிலேயே இந்த நிலை.

கோயில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களில் இந்த மாற்றத்தை எதிர்க்கும் மனுவுக்குக் கையொப்பம் திரட்டினோம். நவம்பரில் ஹெல்த் கனடா தன் மாற்றத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. நம் மனுவின் வெற்றி என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அது தபாலில் சேருமுன்பே முடிவு வந்துவிட்டது. நிறுத்திவைத்தார்களே தவிர, கைவிடவில்லை. ஆகவே கையொப்பத் தாள்களைப் பத்திரப்படுத்தியுள்ளோம். விற்பனைக்கு எதிர்ப்பு, எந்நிலையிலும் கட்டாய லேபல் என இரு கோரிக்கைகளுடன் மனுவைத் திருத்தி எழுதச் செயற்குழு தீர்மானித்துள்ளது.

கியூபெக் அமைப்புகளுடன் கடிதத் தொடர்புக்குப் பிரெஞ்சு எழுதத் தெரிந்த ஒருவர் தேவை. தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் தரலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்