பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிக்கான் சில்லின் மேல் மனித நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், கோலப்புள்ளி மாதிரி வரிசை பிசகாமல். பாரிலீன் என்கிற பிளாஸ்டிக் பூசிய இடத்தில் ஒட்டும், பக்கத்திலேயே சிலிக்கான் டை ஆக்சைடில் ஒட்டாது என்றாய். அதற்காகச் சல்ஃபியூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் சில்லை முக்குவீர்களாமே! தூக்கக் கலக்கத்தில் அதன் பக்கமே போகாதே.

1991-ல் ஜெர்மன் விஞ்ஞானி பீட்டர் ஃப்ரோம்ஹெர்ட்ஸின் குழு ஓர் அட்டைப்பூச்சியின் நியூரானைச் சிலிக்கான் டிரான்சிஸ்டர் மேல் உட்காரவைத்து அதன் மின்துடிப்பைப் பிடித்ததாம். அங்கிருந்து என் மகள் வரைக்கும் வந்திருக்கிறது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை, நான் விடவில்லை.

இவ்வளவு விளக்கமாக எழுதுகிறவள், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறாய். போன வாரம் போனில் பேச்சு குழறியது. சூடாகக் குடித்து நாக்கு வெந்துவிட்டது என்றாய். சரி.

வலிப்பின்போது ஏகப்பட்ட நியூரான்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து துடிக்கும். தட்டில் கண்டபடி வளர்ந்தால் எது எதைத் தூண்டியது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம், அதற்குத்தான் இந்த வரிசை என்று எழுதியிருந்தாய். ஜப்பான் விஞ்ஞானி யமனகா 2007-ல் மனிதத் தோல் செல்லை, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டியதிலிருந்து, நோயாளியின் தோலிலிருந்தே நியூரான் வளர்க்க வழி வந்துவிட்டது என்றும் எழுதினாய். படத்தில் இருப்பவை யாருடைய தோலிலிருந்து வந்தவை என்று எழுதவில்லை. கையில் என்ன பிளாஸ்திரி என்று அம்மா கேட்டதற்கும் பதில் இல்லை.

செல்களுக்கு மீடியம், அந்த ஊட்டத் திரவம், மாற்றுகிற நேரத்தை நீ தவறவிடுவதில்லை. மாத்திரைக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கிறது. ராத்திரி மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காராதே. தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பரீட்சை சமயத்திலேயே பார்த்தோம். நேரத்துக்குத் தூங்கு.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் பழைய டைரியில் டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வீட்டு விஷயமெல்லாம் அடுத்த கடிதத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, கேமராவை அணைக்காதே. ராத்திரி தூங்கிவிடு. குளிக்கப் போகும்போது கதவைத் தாழ் போடாதே.

அப்பா