துணிக்கைப் பௌதிகம் படிக்க நிற்கும் திருகோணமலைத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

பொறியியலுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணும், ஆனால் எனக்குக் கோட்பாட்டுத் துணிக்கைப் பௌதிகம்தான் வேணும் என்று எழுதியிருந்தீர்கள். "அதைப் படிச்சு என்ன வேலை?" என்று உப்புவெளிச் சித்தப்பா கேட்டாராம். நியாயமான கேள்வி. முதலில் வருடக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருடம். பிறகு முதுமாணியோ டிப்ளோமாவோ ஒன்றிரண்டு வருடம். கலாநிதிப் பட்டத்துக்கு நாலிலிருந்து ஆறு. அதற்குப் பிறகும் நிரந்தர வேலை கிடையாது. போஸ்ட்டொக் என்கிற இரண்டு, மூன்று வருட ஒப்பந்தங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில். அப்படி இரண்டு மூன்று முடித்தவர்களிலும் சிலருக்குத்தான் பேராசிரியர் கதிரை கிடைக்கும். மற்றவர்கள் மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, வங்கி என்று போகிறார்கள், பட்டினி கிடப்பதில்லை. சித்தப்பாவிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் கவனம். பௌதிக விஞ்ஞானத்தைப் பொறியியலுக்குக் கீழே போட்டால், புள்ளி காணுமென்றால் பொறியியலுக்குத்தான் எடுப்பார்கள். உண்மையாகவே வேண்டுமென்றால் மேலே போட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே இருப்பது பிரயோக விஞ்ஞான பீடம். உங்களுக்குத் தேவை பௌதிகத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் அதோடு வேண்டிய மட்டும் தூய கணிதமும். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் மூன்றையும் பாருங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போவது சிரமம். சிறப்புக் கற்கைக்குப் பெரும்பாலும் ஆரம்ப வருடப் புள்ளிகளை வைத்தே எடுப்பார்கள். ஆகவே முதலாம் வருடத்தில் 'பிறகு பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது.

இந்த வேலை என்னவென்று தெரிய ஒரு கணக்கைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் மோதி அழிந்து, இலத்திரனைப் போன்ற ஆனால் பாரமான மியூவோன் சோடி ஒன்று பிறக்கிறது. மின்காந்த விசையை மட்டும் எடுத்தால், முதல் அண்ணளவில் ஃபைன்மன் வரைபடம் (மோதலைக் காட்டும் கோட்டுப் படம்) ஒன்றே ஒன்று, நடுவில் ஒரு போட்டோன், அதாவது ஒளித்துணிக்கை. வீச்சத்தை எழுதி, வர்க்கித்து, காமா தாயங்களின் சுவடுகளை எடுத்து, கோணத்தின் மேல் தொகையிட்டால், உயர் சக்தியில் குறுக்குவெட்டு (மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு) 4πα²/3s என்று வரும். α என்பது மின்காந்த விசையின் வலுவைச் சொல்லும் எண், கிட்டத்தட்ட 1/137. s என்பது மொத்தச் சக்தியின் வர்க்கம். இதுவரை ஒளிவேகத்தையும், பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்த ħ ஐயும் 1 என்று வைத்திருந்தோம். பரப்பளவாக மாற்ற 0.3894 மில்லிபார்ன்·ஜிஇவி² ஆல் பெருக்க வேண்டும் (பார்ன் பரப்பளவு அலகு, ஜிஇவி சக்தி அலகு). s ஐ ஜிஇவி² இல் எடுத்தால் கிட்டத்தட்ட 87/s நானோபார்ன். 87 வர வேண்டிய இடத்தில் 347 வந்தால் மோதும் இரண்டு துணிக்கைகளின் சுழற்சிக்குச் சராசரி எடுக்கவில்லை, 1/4 என்ற காரணி விடுபட்டிருக்கிறது. இடையில் குறி மாறிவிட்டால் பெரும்பாலும் இரண்டு புத்தகங்களைக் கலந்துவிட்டீர்கள்: ஒன்றில் மெட்ரிக், அதாவது நேரத்துக்கும் வெளிக்கும் எந்தக் குறி போடுவது என்ற வழக்கம், (+,−,−,−), மற்றதில் (−,+,+,+). கெட்டித்தனம் இருந்தும் இந்த 2 ஐயும் 4 ஐயும் பொறுமையாகத் தேடாதவர்கள் இந்தத் துறையில் நிலைப்பதில்லை. வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது ஃபோர்ம், மத்தமெட்டிக்கா மாதிரி நிரல்கள் வரும். அப்போதும் விடை தெரிந்த சின்னக் கணக்கு ஒன்றை முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புதிய ஆய்வுக் கட்டுரைகள் வருகிற இடம் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையத்தளம். 1991 இல் போல் கின்ஸ்பார்க் தொடங்கியது, காசு கட்டத் தேவையில்லை. புதிய பட்டியல் திங்கள் முதல் வெள்ளி வரை நம்முடைய நேரத்தில் காலை 5.30க்கு வரும், அமெரிக்காவின் குளிர்கால நேரத்தில் 6.30க்கு. மீன்காரர் கூவிக்கொண்டு போகிற நேரம். முதல் தடவை கட்டுரை போடுகிறவருக்கு அங்கே ஏற்கெனவே எழுதுகிற ஒருவரின் ஒப்புதல் கேட்பார்கள்.

இந்தத் துறையில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும், முதல் பெயர் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அப்படியென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வெளியே எப்படித் தெரியும்? பரிந்துரைக் கடிதத்தில்தான். போஸ்ட்டொக் விண்ணப்பத்துக்கு வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள். மூன்றும் ஒரே குழுவிலிருந்து வந்தால் பலம் குறைவு. எனவே தலைப்பைப் பார்த்து அல்ல, மேற்பார்வையாளரைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நேராகவே கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அன்றைய பரபரப்பின் பின்னால் ஓடுவதற்கு என்ன விலை என்றும் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் ஜெனீவாவில் உள்ள எல்எச்சி துணிக்கை மோதுவியின் தரவில் 750 ஜிஇவி அருகே, புதிய துணிக்கையோ என்று நினைக்க வைத்த ஒரு சின்ன மேடு தெரிந்தது. சில மாதங்களில் அதை விளக்கி 500க்கு மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. 2016 ஓகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேட்டைக் காணவில்லை. அதில் எழுதியது பாவமில்லை. அதை மட்டுமே ஆய்வேடாக வைத்திருந்த மாணவருக்குத்தான் கஷ்டம்.

இத்தாலியின் ட்ரியஸ்டெ நகரில் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் தொடங்கிய ஐசிடிபி என்ற சர்வதேச கோட்பாட்டுப் பௌதிக நிலையத்தை இப்போதே குறித்து வையுங்கள். லாகூரில் பேச ஆளில்லாமல் தனித்துப்போன அனுபவம்தான் அவரை அதைத் தொடங்க வைத்தது. நம்மைப் போன்ற நாடுகளின் பட்டதாரிகளுக்கு அங்கே ஒரு வருட டிப்ளோமா உண்டு, செலவுக்குப் புலமைப்பரிசிலும் தருகிறார்கள். கலாநிதிப் படிப்புக்கு அது நல்ல படிக்கட்டு.

பல்கலைக்கழகம் தொடங்கும் வரை கிடைக்கிற மாதங்களில் கணிதம் தட்டெழுதும் லேட்டெக்கும் நிரல் எழுதும் பைதனும் பழகுங்கள், சிக்கலெண்ணையும் தாயங்களையும் விடாதீர்கள். இந்த வாரத்துக்கு ஒரு பயிற்சி. மூலைவிட்டத்தில் 1, −1, மற்ற இடங்களில் 0 உள்ள 2×2 தாயம் σ. இலத்திரனின் சுழற்சியை θ கோணத்தால் திருப்புவது e^(−iθσ/2). 360 பாகை திருப்பிப் பாருங்கள், −1 வரும். பழைய நிலைக்கு வர 720 பாகை வேண்டும். முதல் சுற்றிலேயே +1 வந்துவிட்டால் 2 ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள்.

அன்புடன்,
அண்ணா